பதினேழு வயதில் முடித்த வேலை

சனிக்கிழமை காலை எட்டு நாற்பதுக்கும் அவள் கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தாள். எழுந்தது ஆறு மணிக்கு. கையில் துண்டு இருந்தது, குளியலறை பத்தடி தூரத்தில் இருந்தது. போக வேண்டும் என்று தெரியும், போக ஆசையும் உண்டு, போகாததற்காக இரண்டு மணி நேரமாகத் தன்னையே திட்டிக்கொண்டும் இருக்கிறாள். கால் மட்டும் நகரவில்லை.

இதைப் போய்ச் சோம்பல் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். சோம்பேறிக்கு உட்கார்ந்திருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. வீட்டிலேயே பல்செட் செய்து பிழைக்கிற நம் பல்செட்காரிக்கு அந்தச் சுகம்கூடக் கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மனநல மருத்துவர் இதற்கு ஒரு பெயர் சொல்லி, மூளை ஒரு வேலையைத் தொடங்குகிற இடத்தில்தான் சிக்கல், மற்றபடி புத்தியில் ஒரு குறையும் இல்லை என்று எழுதியே கொடுத்தார். சோம்பேறித்தனத்துக்கு இங்கிலீஷில் பேர் வைத்துவிட்டார்கள் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள்.

அவள் கணவர் பஸ் டிரைவர். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "பேட்டரி நல்லாத்தான் இருக்கு, செல்ஃப்தான் எடுக்கல. தள்ளி விட்டா ஓடிடும்" என்றார். கல்யாணமான முதல் வருஷமே அவர் கண்டுபிடித்த விஷயம் அது. ஒருநாள் உருளைக்கிழங்கைப் பாதி சீவிவிட்டு அவர் போனில் பேசப் போக, அதுவரை சமையலறைக்குள் கால் வைக்க முடியாமல் தவித்தவள் வந்து மீதியைச் சீவினாள். சீவிய கையோடு சமைத்தும் முடித்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு வழக்கம். விடியற்காலையில் முதல் பஸ்ஸை எடுக்கக் கிளம்புவதற்குள் அவர் எல்லாவற்றையும் கொஞ்சம் தொடங்கி வைத்துவிட்டுப் போவார். பிரஷ்ஷில் பேஸ்ட், ஒரு வெங்காயம் பாதி நறுக்கி, துவைத்த துணியில் ஒரே ஒரு சட்டை மடித்து. நடுவிலிருந்து அவள் சேர்ந்துகொள்வாள்.

இன்று பிரஷ்ஷில் பேஸ்ட் காய்ந்து போயிருந்தது. நடுவிலிருந்துகூட அவளால் சேர முடியவில்லை, ஏனென்றால் தலையணைக்கு அடியில் அந்தக் கவர் இருந்தது.

செவ்வாய்க்கிழமை கிடைத்தது. பல் டாக்டரான அவளுடைய அண்ணன் பழைய கிளினிக்கைக் காலி செய்தபோது, நாலு அட்டைப் பெட்டிகளை அவள் பின்னறையில் போட்டு வைக்கச் சொல்லி அனுப்பியிருந்தான். அண்ணனுடைய நோயாளிகளுக்கு அவள் பல்செட் செய்வதும் அதே அறையில்தான். ஒரு பெட்டியில் பழைய பாடப் புத்தகங்களுக்கு மேலே பழுப்பு நிறக் கவர் ஒன்று கிடந்தது. மேலே அவளுடைய பதினேழு வயதுக் கையெழுத்தில் விலாசம். தபால்தலை ஒட்டியிருந்தது, அதன் மேல் முத்திரை இல்லை.

பல் மருத்துவக் கல்லூரிக்கு அவள் எழுதிய அப்ளிகேஷன். வாழ்க்கையில் யாரும் தள்ளிவிடாமல் அவளே தொடங்கி, அவளே முடித்த முதல் வேலை அது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் மாடிப்படியில் நின்று அதை அண்ணன் கையில் கொடுத்தாள். அவனும் அதே கல்லூரிக்கு இரண்டாம் முறையாகப் போடுகிறான், இரண்டையும் சேர்த்தே தபாலில் போட்டுவிடுவதாகச் சொன்னான்.

மூன்று மாதம் கழித்து அப்பா கேட்டபோது, "அவ என்கிட்ட குடுக்கவே இல்லியே, மேசையிலயே கெடக்கும்" என்றான். மேசையைத் தேடினார்கள், மெத்தையைத் தூக்கித் தேடினார்கள். கூடவே அவளும் தேடினாள். இதுதான் அவளுக்கு வயிறு எரிகிற இடம். கொடுத்த ஞாபகம் அவளுக்கு நன்றாக இருந்தது. இருந்தும் தன் ஞாபகத்தை நம்பாமல் அவன் சொன்னதை நம்பி, அப்பாவிடம் அழுது மன்னிப்புக் கேட்டாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் அப்பா சாகும்போதும், அவளால் தானாக எதையும் செய்ய முடியாது, பார்த்துக்கொள் என்று அண்ணனிடம்தான் சொல்லிவிட்டுப் போனார்.

கவரின் பின்பக்கத்தைத் திருப்பியபோதுதான் அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. பதினோரு கையெழுத்துகள். 'டாக்டர்' என்று முன்னால் போட்டு, சுழி வைத்து, கீழே கோடு இழுத்து, அண்ணன் எழுதிப் பழகியிருந்தான். சீட்டு கிடைக்கும் முன்னாலேயே, அவளுடைய சீட்டின் முதுகில்.

அன்றிலிருந்து அவள் கறுவிக்கொண்டிருக்கிறாள். மன்னிக்கும் எண்ணம் துளியும் இல்லை. இன்று நாலு மணிக்கு அண்ணனின் புதிய கிளினிக் திறப்பு விழா. வருகிறவர்கள் ஒவ்வொருவர் கையிலும் நடந்ததையெல்லாம் எழுதி ஒரு காகிதம் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தாள். நாலு நாளாக வெள்ளைத் தாள் வெள்ளையாகவே இருக்கிறது. பழிவாங்குவதும் ஒரு வேலைதானே, அதையும் தொடங்க வேண்டியிருக்கிறதே.

விடியற்காலையில் கணவரிடம் கேட்டுப் பார்த்தாள்.

"முதல் வரி மட்டும் எழுதிக் குடுங்க. மீதியை நான் பாத்துக்கிறேன்."

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டு முடித்தார். "சமையல், துணி, பல்லு, எதை வேணாலும் தொடங்கி வெக்கிறேன். இதை மாட்டேன்."

"ஏன், அவன்மேல பாவமா இருக்கா?"

"அவன் எக்கேடோ கெட்டுப் போகட்டும். நான் தொடங்கி வெச்சா இது என் சண்டையா ஆயிடும். புருஷன் தூண்டிவிட்டான்னு சொல்லிட்டு மச்சான் தப்பிச்சுக்குவான். உனக்குன்னு இருக்கிறது இது ஒன்னுதான், அதையும் நான் எடுத்துக்கணுமா?"

சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போய், பல்செட் இருக்கிற இரும்பு அச்சின் நாலு திருகுகளில் இரண்டைக் கழற்றி வைத்துவிட்டு வேலைக்குப் போனார். அவள் அவரை ஜன்னல் வழியாக முறைத்தாள்.

ஒன்பது மணிக்கு அண்ணன் போன் செய்தான்.

"என்ன அப்புறம், பல்லு ரெடியா?"

அவளுக்குக் குடும்பத்தில் வைத்த பெயர் அது. எதைச் சொன்னாலும் 'அப்புறம் செய்றேன்' என்கிறவள் என்பதால் 'அப்புறம்'. தலைமை விருந்தினரின் பழைய பல்செட் போன வாரம் கீழே விழுந்து உடைந்துவிட்டதாம், புதுசு மதியத்துக்குள் வந்தே ஆக வேண்டுமாம், பல் இல்லாமல் அந்த அம்மா மேடை ஏற மாட்டாராம். ஆகிக்கொண்டிருக்கிறது என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள். இரும்பு அச்சுக்குள், பிளாஸ்டருக்கு நடுவில் செட் வெந்து ஆறிக் கிடந்தது. உடைத்து எடுத்து, ராவி, பாலிஷ் போட வேண்டும். இரண்டரை மணி நேர வேலை.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. ஒன்றுமே செய்ய வேண்டாம். எழுத வேண்டாம், பேச வேண்டாம், இப்படியே கட்டிலில் உட்கார்ந்திருந்தால் போதும். மேடையில் பொக்கை வாயோடு தலைமை விருந்தினர், பக்கத்தில் வியர்த்து வழியும் அண்ணன். தொடங்கத் தேவையே இல்லாத பழிவாங்கல் ஒன்று இருக்கிறது என்பதை நினைக்க நினைக்க இனித்தது. நாலு நாளில் முதல் முறையாகச் சிரித்தாள், சாய்ந்து படுத்துக்கொண்டும் சிரித்தாள்.

பதினொரு மணிவரை அந்த ஆனந்தம் நீடித்தது. அதைக் கெடுத்தவனும் அண்ணன்தான். மறுபடி கூப்பிட்டான். குரலில் கோபம்கூட இல்லை.

"உன்னால முடியலேன்னா இப்பவே சொல்லிடு, தப்பில்ல. எப்படியும் மேடையில அந்த அப்ளிகேஷன் கதையைச் சொல்லப் போறேன், இதையும் சேத்துச் சொல்லிடறேன். சிரிச்சிட்டுப் போயிடுவாங்க."

அந்தக் கதையை அவன் சொல்லாத மேடை இல்லை. 'என் தங்கச்சி மட்டும் அன்னைக்கு அப்ளிகேஷனைப் போட்டிருந்தா, இந்த நாற்காலியில அவ இருப்பா, நான் அவளுக்குப் பல்லு செஞ்சிட்டிருப்பேன்.' கூட்டம் சிரிக்கும். எவ்வளவு அடக்கமான டாக்டர் என்று அவனைப் பாராட்டும். அவளும் ஏதோ ஒரு வரிசையில் உட்கார்ந்து கூடவே சிரித்து வைப்பாள்.

போனை வைத்த பிறகு அவளுக்கு உறைத்தது. அவள் செய்யாமல் விட்டால் அவன் மூக்கு உடையாது. அவ அப்படித்தான் என்று எல்லாரும் உச்சுக் கொட்டுவார்கள், அவனுக்கு இன்னொரு நல்ல கதை கிடைக்கும். தங்கையின் குறைதான் இருபத்திரண்டு வருஷமாக அவனுக்குக் குடை, இன்றும் அதை அவளே பிடிக்க இருந்தாள். இவனைப் பழிவாங்க வேண்டுமானால் அவள் வேலை செய்தாக வேண்டும். இதை எண்ணி அழுகை வந்தது. அழுவதற்குத் தரையில் இறங்கி உட்கார்ந்தாள், அங்கேயே இருந்துவிட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு டிரைவர் வந்தார். காய்ந்த பேஸ்ட், பாதியிலேயே நிற்கும் வெங்காயம், தரையில் மனைவி. சமையலறைக்குப் போய்த் திரும்பினார். திறப்பு விழா அழைப்பிதழ் இரண்டு வாரமாகப் பிரிக்கப்படாமல் பிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் ஓரத்தை ஒரு அங்குலம் மட்டும் கிழித்து அவள் கையில் வைத்தார். வேறு எண்ணம் எதுவும் அவருக்கு இல்லை, கையாவது அசையட்டும் என்று நினைத்தார்.

கை அசைந்தது. மீதியைக் கிழித்து, பிரித்து, படித்தாள். தலைமை விருந்தினர் என்ற வரியில் பார்வை நின்றது.

"முன்னாள் பிரின்சிபல்னு போட்டிருக்கு. எந்த வருஷத்து பிரின்சிபல்?"

"மச்சானுக்கு சீட்டு குடுத்தாங்கல்ல, அந்த அம்மாதான். அவங்க கையாலதான் திறக்கணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறான்."

அவள் தலையணைக்கு அடியிலிருந்து கவரை எடுத்து விலாசத்தைப் பார்த்தாள். 'பெறுநர்: முதல்வர் அவர்கள், பல் மருத்துவக் கல்லூரி.' இவ்வளவு நாளும் அந்த வரியை விட்டுவிட்டுப் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நான் எதையும் எழுத வேண்டாங்க," என்றாள் மெதுவாக. "எழுதி முடிச்சு, ஒட்டி, ஸ்டாம்பும் ஒட்டிட்டேன். கொண்டுபோய்ச் சேக்கிறது ஒன்னுதான் பாக்கி."

எழுந்து நின்றாள். எப்படி எழுந்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. முகம் கழுவிக்கொண்டு நேராகப் பின்னறைக்குப் போனாள்.

இரண்டு திருகுகள்தான் மீதி இருந்தன. கழற்றினாள், சுத்தியலால் தட்டினாள், பிளாஸ்டர் விண்டு இளஞ்சிவப்பு ஈறோடு மேல்செட்டும் கீழ்செட்டும் வெளியே வந்தன. பிசிறுகளை ராவினாள். உப்புத்தாளில் தேய்த்தாள், மெஷினில் பாலிஷ் போட்டாள், நாக்கு படும் உள்பக்கத்தைத் திரும்பத் திரும்ப விரலால் தடவிப் பார்த்தாள். ஓடத் தொடங்கிவிட்டால் அவளைப் போல வேலை செய்ய ஆள் கிடையாது. இன்றைக்கோ அவள் செய்தது வேலை மாதிரியே இல்லை. அந்த அம்மா பேசப்போகும் ஒவ்வொரு வார்த்தையும் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும், ஒரு எழுத்துகூடக் குழறக் கூடாது. இருபது வருஷத்தில் அவள் செய்த பல்செட்களில் இதுதான் அருமையானது. அதற்கு உழைத்தது அன்பு இல்லை, ஆத்திரம்.

மூன்றேகாலுக்கு ஸ்கூட்டரில் போய் இறங்கினார்கள். புது பெயின்ட் வாசம், பிளாஸ்டிக் உறை பிரிக்காத நாற்காலிகள். வாசலில் பித்தளைப் பலகை. அதில் அண்ணன் தன் கையெழுத்தையே செதுக்கி வைத்திருந்தான், சுழியோடும் கோட்டோடும்.

பெட்டியை வாங்கக் கை நீட்டினான். உரசினால் சரிசெய்ய வேண்டும், நானே போட்டுவிடுகிறேன் என்று அவள் உள்ளே நடந்தாள். அவனுக்கு நிம்மதிதான். யாரிடமோ 'அதிசயமா முடிச்சிட்டா' என்று சொல்வது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

பிரின்சிபல் அம்மாவுக்கு எண்பதைத் தாண்டியிருக்கும். வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் செட்டைப் போட்டு, நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, நீலம் அழுத்தமாகப் பதிந்த ஓர் இடத்தை மட்டும் ராவி, மறுபடி போட்டாள். ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணச் சொன்னாள். மணி மணியாக வந்தது. அந்த அம்மா கண்ணாடியில் பார்த்துக்கொண்டு கைக்குட்டையை மடித்து வைத்தார்.

"உங்களுக்கு ஒரு தபால் இருக்கும்மா," என்று அவள் கவரை நீட்டினாள்.

அவர் பிரித்து, நிதானமாக முழுவதும் படித்தார்.

"இது யாரு?"

"நான்தான்."

"இதை ஏன் அப்பவே அனுப்பல?"

"அனுப்பச் சொல்லித்தாம்மா குடுத்தேன்."

அவர் கவரைத் திருப்பினார். பதினோரு கையெழுத்துகளையும் பார்த்தார், பிறகு கண்ணாடிக் கதவு வழியாக வாசல் பலகையைப் பார்த்தார். எண்பது வயதிலும் பிரின்சிபல் பிரின்சிபல்தான், விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. நான் என்ன செய்யணும்னு நினைக்கிற என்று மட்டும் கேட்டார்.

"அவன் மேடையில ஒரு கதை சொல்லுவான்," என்றாள். "அவன் அதைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் பொறுத்துக்கங்க."

சொன்னான். வழக்கத்தைவிட நன்றாகவே சொன்னான். இந்த நாற்காலியில அவ இருப்பா என்று புது நாற்காலியைத் தட்டிக் காட்டினான், அறுபது பேரும் சிரித்தார்கள். மூன்றாவது வரிசையிலிருந்த அவள் மட்டும் சிரிக்கவில்லை. கணவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிரின்சிபல் அம்மா மைக்கைப் பிடித்தார்.

"பல்லு புதுசு. இப்பதான் அந்தப் பொண்ணு போட்டுவிட்டா. அதனால ஒன்னைத் தெளிவாப் படிச்சிட முடியும். எனக்கு இருபத்திரண்டு வருஷம் லேட்டா ஒரு தபால் வந்திருக்கு."

படித்தார். பெயர், வயது, ஒவ்வொரு பாடத்துக்கும் மதிப்பெண்.

"இந்த மார்க்குக்கு நான் கேள்வியே கேக்காம சீட்டு குடுத்திருப்பேன். அந்த வருஷம் கடைசி சீட்டு யாருக்குப் போச்சுன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. டாக்டர், உங்களுக்கும் இருக்கும்." கவரைத் திருப்பி உயர்த்திப் பிடித்தார். "பின்னாடி இருக்கிற கையெழுத்தை வாசல்ல இருக்கிற பலகையோட யார் வேணா ஒத்துப் பாத்துக்கலாம்."

முன்வரிசைக்காரர் ஒருவர் நிஜமாகவே திரும்பி வாசலைப் பார்த்தார். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து, அது வந்து, அதைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றான். அந்த வார்த்தையைக் கேட்டதும் பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள்.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன், உடம்பெல்லாம் சூடாகப் பரவுகிற சந்தோஷம். அப்பா ஒருத்தர் மட்டும் இதைக் கேட்கவில்லையே என்ற நினைப்பும் கூடவே வந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கழுவும் அறைக்குப் போனாள்.

அங்கே அண்ணி டீ கப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். மேடையில் நடந்தது எல்லாம் அங்கே கேட்டிருக்கும். முகத்தில் அதிர்ச்சி இல்லை.

"மன்னிச்சுக்குங்க அண்ணி. உங்க விழாவைக் கெடுத்துட்டேன்," என்றாள். அண்ணனிடம் ஒருநாளும் கேட்கப்போவதில்லை, ஆனால் அண்ணி இவளுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை.

அண்ணி குழாயை மூடினாள். "அந்த நாலு பெட்டியையும் கட்டினது யாருன்னு நெனச்ச?"

"அண்ணன்தானே..."

"உங்க அண்ணன் ஒரு பெட்டி கட்டி நீ எப்பவாவது பாத்திருக்கியா? நான்தான் கட்டினேன். அந்தக் கவர் அவரோட அலமாரியில இருக்குன்னு எனக்குப் பதினஞ்சு வருஷமாத் தெரியும்."

பதினைந்து வருஷம். அப்பா உயிரோடு இருந்த ஒன்பது வருஷமும் அதில் அடக்கம். சந்தோஷம் அப்படியே வடிந்து, அந்த இடத்தில் வேறொரு கோபம் ஏறியது. அண்ணி அதைப் பார்த்துவிட்டாள்.

"என்னை எவ்வளவு வேணா திட்டு. வாயைத் திறக்கத் தைரியம் இல்ல. பெட்டி கட்டும்போது புத்தகத்துக்கு மேலயே வெச்சேன். யாராவது தொடங்கி வெச்சா நீ முடிச்சிடுவேன்னு தெரியும்."

கையைப் புடவையில் துடைத்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த இன்னொரு கவரை எடுத்தாள். அண்ணியின் பெயருக்கு, தபால் முத்திரையோடு, என்றோ வந்த கடிதம். ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது.

"அதே அலமாரியில இருந்துச்சு. எனக்கு வந்தது, என்கிட்ட குடுக்கவே இல்ல. யார் எழுதினாங்கன்னு கையெழுத்தைப் பாத்தாலே தெரியுது. பதினஞ்சு வருஷமாப் பிரிக்க முடியல, கை வரமாட்டேங்குது."

வெளியே கூட்டம் நாற்காலிகளை இழுக்கிற சத்தத்துக்கு நடுவே, அண்ணனின் செருப்புச் சத்தம் இந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தது.

அவள் கவரை வாங்கினாள். ஓரத்தை ஒரு அங்குலம் மட்டும் கிழித்து, அண்ணி கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.